கண்ணில் படுவதால் மறுக்கப்படும் சிகிச்சை

பெறுநர்:
தலைவர்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்,
ஐதராபாத்.

ஐயா,

என் மகளுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. பிறக்கும்போதே தோளிலிருந்து இடுப்பு வரை பெரிய கருமச்சம். அதில் ஒரு பகுதியை அண்மையில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். செலவைத் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் கடிதம் அனுப்பிவிட்டது. வெளிப்புறப் பிறவிக் குறைபாடாம், அழகு சிகிச்சையாம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் எடுத்துக்காட்டியிருப்பது உங்கள் ஆணையம் வகுத்த சொற்களை. ஆகவே பேச வேண்டியது உங்களிடம்தான்.

ஒரு மச்சத்துக்கு இவ்வளவு பாடா என்று உறவினர்களே கேட்டார்கள். மச்சக்காரிக்கு யோகம் என்றவர்களும் உண்டு. கிரகணத்தன்று வெளியே போனாயா என்று என் மனைவியைக் குடைந்தவர்களும் உண்டு. அவர்களிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். வளர்ந்தபின் 20 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடிய பிறவிக் கருமச்சத்தை மருத்துவர்கள் தனியாக வைத்துப் பார்க்கிறார்கள். சுமார் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்குமாம். இந்தக் குழந்தைகளில் நூற்றில் ஓரிருவருக்கு முதல் ஐந்து பேருக்கு வரை மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வரலாம். வந்தால் பெரும்பாலும் சின்ன வயதிலேயே வரும். அந்த இடத்துத் தோல் வறண்டு அரிக்கும், லேசாக உரசினாலே கிழியும். எல்லா மச்சத்தையும் வெட்ட வேண்டியதில்லை, வெட்டினாலும் ஆபத்து முழுக்க விலகாது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் எங்கள் மகளுக்கு மச்சத்தின் நடுவே கட்டி எழும்பி, சட்டை உரசியே புண்ணாகி, ரத்தம் கசிந்தது. அதனால்தான் கத்தி வைத்தார்கள்.

இதை அழகு சிகிச்சை என்று எழுதியவர் ஓர் இரவு எங்கள் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். முதுகில் தையல் போட்ட குழந்தையை மல்லாக்கப் போட முடியாது. தூளியும் ஆகாது, துணி முதுகை வளைத்துத் தையலை இழுக்கும். நானும் மனைவியும் முறை வைத்து விழித்திருந்து, சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சின்மேல் கவிழ்த்துப் போட்டுத் தூங்க வைக்கிறோம். கட்டு மாற்றும் நேரம் இன்னும் மோசம். ஒட்டிக்கொண்ட காஸ் துணியை சலைன் விட்டு நன்றாக ஊறவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் புதிதாக மூடிய தோலும் கூடவே வந்துவிடும். அவளோ கையில் கிடைத்ததைப் பிடித்து இழுக்கும் வயதுக்காரி. அழுதழுது குரல் கம்மிப்போகும். சிவப்பு பரவுகிறதா, வாடை வருகிறதா, உடம்பு சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒருமுறையோடு முடிவதுமில்லை. பெரிய மச்சத்தை மொத்தமாக எடுத்தால் மூடுவதற்குத் தோல் போதாது. ஒரு பட்டையை எடுத்து, இரு ஓரங்களையும் இழுத்துத் தைத்து, தோல் தளரச் சில மாதங்கள் காத்திருந்து, பிறகுதான் அடுத்த பட்டை. ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து, மருத்துவமனை, பில்.

இனி உங்கள் விதிக்கு வருகிறேன். பிறவிக் குறைபாடு உடலில் கண்ணுக்குத் தெரிகிற, எட்டக்கூடிய இடத்தில் இருந்தால் வெளிப்புறம், இல்லாவிட்டால் உட்புறம். இதுதான் உங்கள் வரையறை. உட்புறப் பிறவி நோய்களையும் மரபணு நோய்களையும் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று 2019-இல் ஆணையிட்டீர்கள். நல்ல முடிவு. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த எத்தனையோ குழந்தைகளுக்கு அதனால் வழி பிறந்திருக்கும். வெளிப்புறத்தை மட்டும் ஏன் விட்டீர்கள்? உதட்டுப்பிளவும் வளைபாதமும் கண்ணுக்குத் தெரிபவைதானே? 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம், குழந்தைகளைப் பரிசோதித்து இவ்விரண்டையும் கண்டுபிடித்து இலவச சிகிச்சைக்கு அனுப்புகிறது. அரசே சிகிச்சை தேவை என்று ஒத்துக்கொண்டதை, பிரீமியம் கட்டியவனிடம் இல்லை என்று சொல்ல உங்கள் வரையறை இடம் கொடுக்கிறது.

பாலிசிகளுக்கு நீங்கள் வகுத்த பொதுவான விலக்குகளில் எட்டாவதையும் எடுத்துப் படியுங்கள். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு உண்டு. மற்றபடி, நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அவசியமான சிகிச்சையாக இருக்க வேண்டும். ரத்தம் கசியும் கட்டி உடனடி ஆபத்தா இல்லையா என்பதற்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சான்று வேண்டும் என்கிறது அதே விதி. எங்கள் மருத்துவர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். மறுப்புக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விதியை நிறுவனம் படிக்கிறபடி பின்பற்றும் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? மச்சம் புற்றாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதன்பின் வெட்டிவிட்டு விண்ணப்பித்தால் சீரமைப்புக்குப் பணம் வரும்.

ஆணையம் மனம் வைத்தால் மாற்றலாம். பாலிசி எடுக்கும் முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 2024-இல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தவர்கள் நீங்கள்தானே.

நான் கேட்பது பெரிதல்ல. வெளிப்புறக் குறைபாடானாலும், மருத்துவக் காரணத்துக்காக அறுவை சிகிச்சை தேவை என்று சிகிச்சை அளிக்கும் நிபுணர் எழுதிக் கொடுத்தால் மறுக்கக் கூடாது என்று ஆணையிடுங்கள். நிறுவனத்துக்கு அதில் சந்தேகம் இருந்தால், அதே துறையின் வேறொரு மருத்துவர் பார்த்து, காரணம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கட்டம் கட்டமாக நடக்கும் சிகிச்சைக்கு ஒரே அனுமதி போதும் என்றும் சொல்லுங்கள். எங்கள் மகளின் அடுத்த கட்டத்துக்கு நகையை அடகு வைத்துப் பணம் புரட்டிவிட்டோம். அடகு வைக்கவும் ஒன்றுமில்லாத வீட்டில் இப்படி ஒரு குழந்தை பிறக்கும். அதற்கு முன், அடுத்த சுற்றறிக்கையிலேயே இந்த விதியைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
திருச்சிராப்பள்ளி.