பழைய சூனியக்காரியும் புதிய சூனியக்காரியும்

‘பழையதற்கு ஈடாகுமா?’ என்பார்கள் வீட்டில் பெரியவர்கள். ‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்போம் இளையவர்களாகிய நாங்கள். ரசம் முதல் ராகம் வரை இந்த வழக்கு எல்லா வீடுகளிலும் உண்டு. இவ்வாண்டு எங்கள் வகுப்பில் அது இரண்டு திரைப்படங்களைப் பற்றி எழுந்தது. நாங்கள் எதிர்பாராத ஓரிடத்தில் போய் முடிந்தது. அதனால்தான் அதை இம்மலரில் எழுத விரும்பினோம்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பின் இரண்டு சனிக்கிழமைகளில், எங்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் சிஸ்டர் இரு படங்களைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டின் பெயரும் ‘தி விட்ச்சஸ்’. அதாவது, சூனியக்காரிகள். ரோல்ட் டால் 1983-இல் எழுதிய சிறுவர் நாவலே இரண்டுக்கும் மூலம். முதற்படத்தை நிக்கலஸ் ரோக் 1990-இல் இயக்கினார். அடுத்ததை ராபர்ட் ஜெமெக்கிஸ் 2020-இல் இயக்கினார்.

கதை இதுதான். பெற்றோரை விபத்தில் இழந்த சிறுவன் ஒருவன் தன் பாட்டியிடம் வளர்கிறான். உலகில் சூனியக்காரிகள் உண்டு. பார்வைக்குச் சாதாரணப் பெண்களைப் போல இருப்பார்கள். குழந்தைகள் என்றாலே அவர்களுக்கு ஆகாது என்று பாட்டி எச்சரிக்கிறார். இருவரும் கடலோர ஓட்டல் ஒன்றில் தங்கும்போது, குழந்தைகள் நலச் சங்கம் என்ற போர்வையில் சூனியக்காரிகள் அங்கே மாநாடு கூட்டுகிறார்கள். அவர்கள் கையில் அகப்பட்ட சிறுவன் எலியாக மாற்றப்படுகிறான். ஆனால் பாட்டியும் பேரனும் சோர்ந்துவிடவில்லை. அதே மருந்தை அவர்களுடைய சூப்பிலேயே கலந்து விடுகிறார்கள்!

இரண்டு படங்களையும் பார்த்து முடித்ததும் வகுப்பில் பட்டிமன்றம் ஏற்பாடாயிற்று. ‘சிறந்தது பழையதா, புதியதா?’ என்பது தலைப்பு.

பழைய படத்தின் அணியினர் முதலில் பேசினர். அவர்கள் பக்கம் நியாயம் நிறையவே இருந்தது. தலைமைச் சூனியக்காரியாக வரும் அஞ்சலிக்கா ஹூஸ்டன் தம் அழகிய முகத்தை முகமூடிபோல் உரித்து எடுக்கும் காட்சியில் எங்களில் பாதிப்பேர் கண்களை மூடிக்கொண்டோம். அந்தக் கோர முகத்தை ஒப்பனைக் கலைஞர்கள் பல மணி நேரம் உழைத்து உருவாக்கினார்கள். எலிகளில் சில உண்மை எலிகள். சில, பொம்மலாட்டக் கலையில் புகழ்பெற்ற ஜிம் ஹென்சனின் பட்டறையில் செய்யப்பட்ட பொம்மைகள். கையால் செய்த பொருளுக்கு ஒரு கனம் உண்டு. கணினியால் வரைந்த புதிய எலிகள் எவ்வளவு ஓடி ஆடினாலும் அந்தக் கனம் அவற்றுக்கு வரவில்லை.

இன்னொரு காட்சியையும் அவர்கள் சொன்னார்கள். காணாமற்போன ஒரு சிறுமி வீட்டுச் சுவரிலுள்ள ஓவியத்துக்குள் தென்படுகிறாள். ஆண்டுகள் செல்கின்றன. ஓவியத்திலேயே அவள் வளர்கிறாள், மூப்படைகிறாள், ஒருநாள் மறைந்துபோகிறாள். இரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஆயினும் அன்றிரவு விடுதியில் விளக்கை அணைக்க யாருக்கும் மனமில்லை. புதிய படத்தில் இதற்குப் பதிலாக ஒரு சிறுமி கோழியாக மாறுகிறாள். அதைக் கண்டு எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

புதிய அணியினரும் சளைக்கவில்லை. கதையை 1960-களின் இறுதியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குக் கொண்டு சென்றது நல்ல மாற்றம் என்றார்கள். பாட்டியும் பேரனும் கறுப்பின மக்கள். ஏழைக் குழந்தைகளையும், காணாமற்போனால் கேட்பாரற்ற குழந்தைகளையும் தேடித்தான் சூனியக்காரிகள் வருகிறார்கள் என்று ஆக்டேவியா ஸ்பென்சர் நடித்த பாட்டி சொல்லும்போது, அது வெறும் மாயக்கதையாகத் தோன்றவில்லை.

பெரிய சண்டை முடிவைப் பற்றித்தான். நாவலில் சிறுவன் கடைசிவரை எலியாகவே இருக்கிறான். தான் இன்னும் ஒன்பது ஆண்டுகள்தாம் வாழ்வோம் என்று அறிந்தும் அவன் மகிழ்கிறான். ஏனெனில் பாட்டிக்கும் ஏறத்தாழ அவ்வளவு ஆயுளே மீதம் இருக்கிறது. 1990 படமோ, மனம் மாறிய சூனியக்காரி ஒருத்தியைக் கொண்டு அவனை மீண்டும் மனிதனாக்கி விட்டது. டாலுக்கு அந்த முடிவு அறவே பிடிக்கவில்லை. 2020 படம் நாவலின் முடிவைக் காப்பாற்றியது. ‘குழந்தைகளுக்கான கதையில் நல்ல முடிவு வேண்டாமா?’ என்றது ஓர் அணி. பாட்டியிடம் வளரும் தோழி ஒருத்தி எழுந்து, “பாட்டி இருக்கும்வரை கூட இருப்பது நல்ல முடிவு இல்லையா?” என்று கேட்டாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

புதிய படம் வென்றுவிடும் போலிருந்தது. அப்போதுதான் நாங்கள் சொல்ல வந்த செய்தி நிகழ்ந்தது.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருக்கிறாள். பிறவியிலேயே அவளுக்கு இடக்கையில் மூன்று விரல்கள்தாம். (இதை அவள் சம்மதத்துடன், அவளே படித்துத் திருத்திய பிறகுதான் எழுதுகிறோம்.) எறிபந்தில் அவளை அடுத்து நிற்க இப்பள்ளியில் ஆள் இல்லை. ஒன்றாம் வகுப்பு முதல் கூடவே படிக்கிறோம். அந்தக் கையை அவள் மறைத்து நாங்கள் பார்த்ததே இல்லை. புதிய படத்தில் சூனியக்காரி கையுறையைக் கழற்றினாள். உள்ளே மூன்று விரல்கள். “ஐயோ, கையைப் பாருடி!” என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். எங்கள் தோழி தன் இடக்கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டிமன்றத்தில் அவள் புதிய அணியில்தான் இருந்தாள். கடைசியாக எழுந்து, “எனக்கு முடிவு பிடித்தது. கை மட்டும் பிடிக்கவில்லை” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

நாவலைப் புரட்டிப் பார்த்தோம். சூனியக்காரிகளுக்குப் பூனையைப் போல் வளைந்த நகங்கள் என்றுதான் டால் எழுதியிருக்கிறார். விரல் குறைந்தவர்கள் என்று எங்கும் இல்லை. படம் வெளிவந்தபோதே விரல் குறைவுடையோர் பலர் வருந்திக் குரல் எழுப்பியிருக்கிறார்கள். 2020 நவம்பரில் படத்தை எடுத்த வார்னர் நிறுவனமும், நடிகை ஆன் ஹாத்தவேயும் மன்னிப்புக் கேட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டது நன்று. ஆயினும் எங்களுக்கு ஒரு கேள்வி உண்டு. உருவம் எதுவாயினும் அன்பு குறையாது என்று அழகாகச் சொல்லி முடிகிற படம், தீமையைக் காட்ட மட்டும் உருவக் குறையைத் தேடிப் போகலாமா? எலியாகிவிட்ட பேரனைப் பாட்டி கையில் ஏந்திக் கொஞ்சுகிறார். அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் விட்ட எங்களுக்கு, அரை மணி நேரத்துக்கு முன் ஒரு கையைக் கண்டு அலறக் கற்றுக் கொடுத்ததும் அதே படம்தானே?

பழைய படம் குற்றமற்றது என்றும் நாங்கள் சொல்லமாட்டோம். அதிலும் மொட்டைத் தலையும் விரலற்ற பாதமும் தீமையின் அடையாளங்களே. அவை நாவலிலிருந்தே வந்தவை. நோயால் முடி இழந்து டோப்பா வைத்திருக்கும் ஒரு தாய் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? 2023-இல் டாலின் நூல்களைத் திருத்தி வெளியிட்டபோது பஃபின் பதிப்பகம் இந்த இடத்தையும் மாற்றியது. பெரும் எதிர்ப்பு எழவே, பழைய வடிவமும் கிடைக்கும் என்று அறிவித்தது. மறைந்தவரின் எழுத்தில் கைவைப்பது முறையா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் புதிதாகப் படம் எடுப்பவருக்கு எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்ற உரிமை முழுமையாக உண்டு. உரிமை உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு அல்லவா?

பிறரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. சென்ற ஆண்டு விழா நாடகத்தில் கொடுமைக்காரச் சிற்றன்னைக்குக் கூன் முதுகும் நொண்டி நடையும் கொடுத்தவர்கள் நாங்களே. அவையோர் சிரித்தபோது பெருமைப்பட்டவர்களும் நாங்களே. இவ்வாண்டு நாடகத்தில் வரும் தீயவள் நிமிர்ந்து நடப்பாள், இனிமையாகப் பேசுவாள். கதையில் பாட்டி எச்சரித்ததும் அதைத்தானே? தீமை பார்வைக்கு நம்மைப் போலவே இருக்கும் என்றுதானே!

எங்கள் தீர்ப்பு: பயமுறுத்தும் கலையில் பழையது சிறந்தது, முடிவில் புதியது சிறந்தது. நாளை எங்களில் யாரேனும் மூன்றாவது முறையாக இக்கதையைப் படமாக்கினால், இரண்டின் நல்லதையும் எடுத்துக்கொள்வோம். அதற்கு முன், அரங்கில் யார் யார் அமர்ந்திருப்பார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.

முன்வரிசையில் கத்தியவள் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டாள். “போடி, எறிபந்துக்கு நேரமாச்சு” என்று பதில் வந்ததாம்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு