கணவாயை வென்றவர்கள்

முருகனின் சினம் தணிந்த இடம் திருத்தணி என்பார்கள். அந்த மலையின் அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு இவ்வளவு கோபத்தோடு பேனாவை எடுப்பது பொருத்தமில்லைதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலை, பதினொரு மோட்டார் சைக்கிள்கள் அடிவாரத்தில் வரிசையாக நின்றன. சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம், முன்விளக்குக்கு ஒரு முழம் பூ. வந்தவர்களில் ஒருவன் என் தங்கை மகன். "லடாக் போறோம் மாமா. ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றான். பண்ணினேன். அந்த ஆசீர்வாதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தொரு நாள் கழித்துப் பத்துப் பேர் திரும்பினார்கள். வரவேற்புப் பதாகை கட்டினார்கள். "கர்துங் லா கணவாயை வென்ற வீரர்களே, வருக!" பதினோராவது பையன் அதற்குப் பத்து நாள் முன்பே ரயிலில் வந்து சேர்ந்திருந்தான். அவனுக்குப் பதாகை கிடையாது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மெக்கானிக் கடை வைத்திருப்பவன் அவன். போகிற வழியெல்லாம் மற்ற பத்து வண்டிகளுக்கும் சங்கிலி இறுக்கியதும் பஞ்சர் ஒட்டியதும் அவன்தான்.

நடந்தது இது. மனாலி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் சர்ச்சு என்ற கூடாரத் தங்கலுக்குப் போய்விட்டார்கள். அதன் உயரம் 4,290 மீட்டர் அளவு. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, படுத்து உறங்கும் இடத்தை நாளுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்பது வைத்தியர்களின் எச்சரிக்கை. 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து அந்த வழி இன்னும் சுருங்கிவிட்டது. உடம்பு பழகுவதற்கான அவகாசமும் கூடவே சுருங்கிவிட்டது. ஸ்ரீநகர் வழியாகப் போனால் சோஜி லா, கார்கில், ஃபோத்து லா என்று உடம்பு ஓரளவு பழகிப் பழகி ஏறலாம். ஆனால் அதற்கு நாள் அதிகம் பிடிக்குமாம், திட்டத்தில் இடமில்லையாம்.

இரவு பையனுக்குத் தலைவலி. "தண்ணி குடிச்சிட்டுப் படுடா" என்றார்கள். விடியற்காலையில் வாந்தி. எழுந்து நின்றால் கால் பின்னுகிறது. இந்த நோய்க்கு மாத்திரையும் பிராணவாயுவும் உதவலாம். ஆனால் உண்மையான மருந்து கீழே இறங்குவதுதான். தாமதித்தால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும், ஆள் போய்விடுவான். சர்ச்சுவில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மனாலிப் பக்கம் இறங்க வேண்டுமானால் முதலில் கிட்டத்தட்ட 4,900 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா லாவை ஏறிக் கடந்தாக வேண்டும். தெரிந்தவன் ஒருவன் கூட இருந்தே தீர வேண்டிய கட்டம் அது. பத்துப் பேரும் கூடி யோசித்தார்கள். யோசித்து, அவனைக் கூடாரக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு லேயை நோக்கிப் போய்விட்டார்கள்!

"ஒருத்தனுக்காகப் பத்துப் பேர் லீவையும் பணத்தையும் வீணாக்க முடியுமா மாமா?" என்று என் மருமகன் கேட்கிறான். அவன் கெட்டவன் அல்ல. தனியாக இருந்திருந்தால் நின்றிருப்பான். கூட்டமாகப் போனதால் ஒவ்வொருவனும் மற்றவன் முகத்தைப் பார்த்திருக்கிறான். கடைசியில் யாருமே நிற்கவில்லை.

இளைஞர்களின் துணிச்சலைக் கிழவர்கள் பரிகசிக்கக் கூடாது என்று நண்பர் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். வாலிபன் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டும் என்று நான் சொன்னால் என் நாவல்களே என்னைப் பார்த்துச் சிரிக்கும். போகட்டும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டிய பூமிதான் அது. 'வென்றோம்' என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. யாரை வென்றீர்கள்? திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த அதே 1960-ல்தான் எல்லைச் சாலை அமைப்பும் தோன்றியது. அன்று முதல் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த கூலியாட்கள், மூச்சு முட்டும் அந்த உயரத்தில் கல் உடைத்துத் தார் காய்ச்சிப் போட்ட சாலை அது. போட்டவன் ஒருவன், அதன்மேல் அரை நாள் உருண்டுவிட்டு வென்றதாகச் சொல்கிறவன் இன்னொருவன்.

மருமகனின் பனியனில் 18,380 அடி என்று அச்சடித்திருக்கிறது. கணவாயில் நெடுங்காலம் இருந்த பலகையின் கணக்கு அது. செயற்கைக்கோள் அளவையில் அந்த இடம் 17,582 அடிதான். எண்ணூறு அடி இனாம்.

அங்கே வாழும் ஜனங்களைப் பற்றி ஏதாவது சொல் என்றேன். விழித்தான். லே பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை பத்து சென்டிமீட்டர் அளவுதான். நம் பக்கம் ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டிவிடும். பனிமலை உருகி வரும் ஓடைகளைப் பங்கு போட்டு வாற்கோதுமை விளைவிக்கிறவர்கள் அவர்கள். தண்ணீர் செலவில்லாமல் மண் தூவி எருவாக்கும் கழிப்பறையைப் பரம்பரையாக வைத்திருக்கிறவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி லடாக்கின் ஜனத்தொகை 2,74,289. 2022-ல் ஒரே ஆண்டில் அங்கே போன பயணிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் குளிக்க வெந்நீர் வேண்டும். என் வீட்டில் நாலு பேருக்கு நடுவே எட்டு விருந்தாளி வந்து தொட்டியைக் காலி செய்துவிட்டு, "உங்கள் வீட்டை வென்றோம்" என்று திண்ணையில் எழுதி ஒட்டினால் நான் சும்மா இருப்பேனா?

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மலைக்கு ஆண்டின் நாட்களைப் போல 365 படிகள். இப்போதெல்லாம் நான் ஆட்டோவில்தான் போகிறேன். மேலே போய் இறங்கியதும், படியேறி வியர்த்து வருகிற கிழவிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன். வென்றதாகப் பனியன் போட்டுக்கொள்வதில்லை.

மெக்கானிக் பையனைக் கடையில் போய்ப் பார்த்தேன். கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் அவனை ஏற்றிக்கொண்டு, பாரலாச்சாவைக் கடந்து, கேலாங் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை. நாலு நாளில் தேறியதும் தாண்டி என்ற இடம் வரை போய், சந்திராவும் பாகாவும் கலந்து செனாப் நதியாவதைப் பார்த்துக்கொண்டு ஒரு முழுப் பகல் உட்கார்ந்திருந்தானாம். இரண்டு தண்ணீருக்கும் நிறம் வேறு வேறு என்றான்.

கடைக்குள் ஆணியில் ஒரு பழைய கம்பளிச் சட்டை தொங்கியது. அன்று லாரியில் நடுங்கியபோது அந்த டிரைவர் கழற்றிப் போட்டுவிட்டது.

"திருப்பி அனுப்பணும் சார். பேரும் கேட்டுக்கலை, லாரி நம்பரும் பார்க்கலை" என்றான்.