வாயைக் கட்டச் சொல்லும் மகாஜனங்களே!

வாரம் ஒருமுறை போடற உடம்பு இளைக்கிற ஊசியப் பத்தித்தான் இப்ப எங்க பார்த்தாலும் பேச்சு. "சோம்பேறிங்களோட குறுக்கு வழி", "வாயைக் கட்டினா போதுமே, ஊசி எதுக்கு?" இப்படி. பேசறவங்க யாரும் அந்த மருந்தை எப்படி சோதிச்சாங்கன்னு படிச்ச மாதிரி தெரியல. அதான் இந்தப் பதிவு.

2021-ல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வு. மருந்து செமாக்ளூடைட், வாரம் 2.4 மி.கி. உடல் பருமன் உள்ளவங்க, அதிக எடையோட வேற தொந்தரவும் இருக்கறவங்கன்னு 1,961 பேர். யாருக்கும் நீரிழிவு கிடையாது. மூணுல ரெண்டு பங்கு பேருக்கு நிஜ மருந்து, மிச்சப் பேருக்கு வெத்து ஊசி. யாருக்கு எதுன்னு ரெண்டு தரப்புக்கும் தெரியாது. 68 வாரம் கழிச்சுப் பார்த்தா, மருந்து கோஷ்டிக்கு சராசரியா 14.9% எடை குறைஞ்சிருக்கு. வெத்து ஊசி கோஷ்டிக்கு 2.4%.

எல்லாரும் 14.9-ஐப் பாக்கறாங்க. நீங்க அந்த 2.4-ஐப் பாருங்க சாமி. அவங்க ஒண்ணும் சும்மா உக்காந்திருக்கல. ரெண்டு கோஷ்டிக்குமே தினம் 500 கலோரி குறைச்சு சாப்பாடு, வாரம் 150 நிமிஷம் உடற்பயிற்சி, நாலு வாரத்துக்கொரு தடவை ஆலோசனை. நீங்க ஓசில அள்ளி விடற அதே அட்வைஸ்தான், ஆள் வச்சு சொல்லிக் கொடுத்திருக்காங்க. 100 கிலோ ஆளுக்கு 2.4 கிலோ. அவ்ளோதான் பலன். அத்தனை பேருமா சோம்பேறி?

"எங்க பக்கத்து வீட்டுக்காரர் நடந்தே இளைச்சாரே?" இளைச்சிருப்பார். வெத்து ஊசி கோஷ்டியிலயும் 31.5% பேர் அஞ்சு சதவீதமோ அதுக்கு மேலயோ குறைச்சாங்க (மருந்து கோஷ்டியில 86.4%). அவரைக் காட்டி மத்தவங்களத் திட்ட உங்களுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது?

மருந்துக்கு நான் கொடி பிடிக்கல. குமட்டல், வயித்துப்போக்கு நிறைய பேருக்கு வந்தது. வயித்து உபாதையால 4.5% பேர் ஊசியையே விட்டுட்டாங்க. 68 வாரத்துக்கப்புறம் ஊசியையும் ஆலோசனையையும் நிறுத்தின சிலரை இன்னொரு வருஷம் கவனிச்சாங்க. குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிடுச்சு. இது 2022-ல் வந்தது.

"பாத்தியா!"ன்னு குதிக்காதீங்க. பிரஷர் மாத்திரைய நிறுத்தினாலும்தான் பிரஷர் ஏறும். அப்ப யாராவது "உனக்கு மன உறுதி இல்ல"ன்னு சொல்றோமா? பசிய ஆட்டி வைக்கிறதுல மூளைக்கும் ஹார்மோனுக்கும் பெரிய பங்கிருக்கு. அதுல ஜி.எல்.பி-1-ங்கிற ஹார்மோன் மாதிரி நடிச்சுத்தான் இந்த மருந்தே வேலை செய்யுது.

ஊசி வேணுமா வேணாமாங்கிறத அவங்களும் அவங்க டாக்டரும் பேசி முடிவு பண்ணிக்கட்டும். அடுத்த தடவை குண்டா இருக்கிற ஒருத்தரைப் பார்த்து அட்வைஸ் பொங்கி வந்தா, அந்த 2.4-ஐ நினைச்சுக்கிட்டு, முதல்ல நீங்க வாயைக் கட்டுங்க.