பதினெட்டு வயதில் வாக்குச் சீட்டு உண்டு, வங்கிக் கணக்கு?

2021 டிசம்பர் 15ஆம் தேதி முதல், இந்த நாட்டில் 18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவரும் தாமாகவே வாக்காளர்களாகி விடுகிறார்கள். அதற்குப் பாரம் நிரப்ப வேண்டியதில்லை. எந்த அலுவலகத்திலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2022 நவம்பர் 19இல் நடந்த 15ஆவது பொதுத் தேர்தலில் நம் அண்ணன்மாரும் அக்காள்மாரும் இப்படித்தான் முதல் முறையாக வாக்களித்தார்கள். நாட்டை யார் ஆள்வது என்று முடிவு செய்யும் வயது நமக்கு வந்துவிட்டதாக அரசியலமைப்பே சொல்கிறது.

அதே 18 வயதில், சிறுவர் சேமிப்புக் கணக்கில் கிடக்கும் சில நூறு வெள்ளியை நம் சொந்தப் பெயரில் மாற்றிக்கொள்ள வங்கிக்குப் போய்ப் பாருங்கள். “அப்பா வரவில்லையா?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும்.

இது சிறிய தொல்லை போலத் தெரியலாம். இடைநிலைப்பள்ளியை முடித்துவிட்டு மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், பல்கலைக்கழகம், தொழிற்கல்லூரி எனப் புறப்படும் மாணவர்களுக்கோ வாழ்க்கையின் முதல் பணச் சிக்கலே இதுதான். பள்ளியில் யாரும் இதைப் பற்றி நமக்குச் சொல்லித் தருவதில்லை.

நம்மில் பலருக்கு முதல் வங்கிக் கணக்கு நாம் கேட்டு வந்ததல்ல. தீபாவளிக்குப் பெரியவர்கள் உறையில் வைத்துக் கொடுத்த பணமும், தேர்வில் நல்ல புள்ளி எடுத்ததற்குக் கிடைத்த பரிசும் வீணாகக் கூடாது என்று அப்பாவோ அம்மாவோ பாட்டியோ திறந்து வைத்தது. அப்படித் திறந்த கணக்குகள் பொதுவாக இரண்டு வகைப்படும். ஒன்று, பிள்ளையின் பெயரிலேயே இருந்து, பெற்றோர் கையெழுத்தில் இயங்கும் கணக்கு. மற்றொன்று, பிள்ளைக்காகப் பெற்றோர் தம் பெயரில் பொறுப்பாளராக இருந்து நடத்தும் கணக்கு. புத்தகத்தில் நம் பெயர் அச்சாகியிருந்தாலும், இரண்டாவது வகையில் வங்கிக்கு வாடிக்கையாளர் நாமல்ல, நம் பெற்றோர்தான். நம் கணக்கு இதில் எந்த வகை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த ஏற்பாட்டுக்குச் சட்டக் காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, வயது வந்தவர்தான் ஒப்பந்தம் செய்ய முடியும். அந்த வயது 18 என்று 1971ஆம் ஆண்டின் வயது வந்தோர் சட்டம் வரையறுத்தது. கல்வி உபகாரச் சம்பளம் பெறும் இளையோர் செய்யும் ஒப்பந்தங்களுக்கு மட்டும் 1976இல் ஒரு திருத்தம் வழி விலக்கு அளிக்கப்பட்டது. வங்கிக் கணக்கும் ஓர் ஒப்பந்தம்தான். ஆகவே 18 வயதுக்குக் கீழ் ஒருவர் தனித்துக் கணக்கு நடத்துவதற்கு வங்கிகள் தயங்குவதிலும், 18 ஆனதும் புதிதாகக் கையெழுத்து கேட்பதிலும் தவறில்லை. நம் குறை அந்தச் சட்டத்தின் மீதல்ல. 18 ஆன பிறகும் நம்மைப் பிள்ளைகளாகவே வைத்திருக்கும் நடைமுறையின் மீதுதான்.

என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் கணக்கு நான் ஆரம்பப்பள்ளியில் படித்தபோது பேராக்கில் எங்கள் ஊர்க் கிளையில் திறக்கப்பட்டது. நான் படிப்பதோ சிலாங்கூரில். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த கிளைக்குப் போனேன். கணக்குத் திறந்த கிளைக்குத்தான் போக வேண்டும், பொறுப்பாளரும் நேரில் வர வேண்டும் என்றார்கள். அப்பா தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்பவர். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். ஊர்க் கிளையில், அவருடைய கையெழுத்து பல ஆண்டுகளுக்கு முன் போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். பதிவில் இருந்த கைப்பேசி எண்ணும் பழையது. இன்னொரு ஆவணம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறைதான் வேலை முடிந்தது. முகப்பில் இருந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் தேவையான ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

எனக்காவது அப்பா வந்தார். வர முடியாதவர்களை நினைத்துப் பாருங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை அவள் நான்காம் படிவத்தில் இருந்தபோது காலமானார். அவளுக்காக அவர் சேர்த்து வைத்த பணத்தை எடுக்க, இறப்புச் சான்றிதழில் தொடங்கி ஒவ்வொரு பத்திரமாகத் தேடி அவளும் அவள் அம்மாவும் அலைந்தார்கள். பெற்றோர் பிரிந்து, பொறுப்பாளராக இருந்தவர் தொடர்பிலேயே இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டத்தில் பாட்டி திறந்து வைத்த கணக்கு, பாட்டியால் இப்போது பஸ் ஏறவே முடியாது என்ற நிலையும் உண்டு. பிறப்புப் பதிவு சரியாக இல்லாமல் அடையாள அட்டைக்கே போராடிக்கொண்டிருக்கும் நம் சமூகப் பிள்ளைகளுக்கோ இந்தக் கதவு திறப்பதே இல்லை.

சொந்தக் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? பி.டி.பி.டி.என். கல்விக் கடன் மாணவரின் வங்கிக் கணக்கில்தான் சேர்க்கப்படுகிறது. பகுதி நேர வேலைக்குப் போனால் முதலாளி முதலில் கேட்பது கணக்கு எண்ணை. அறை வாடகை, உணவு, பஸ் கட்டணம் எல்லாம் இன்று கைப்பேசி வழியாகவே போகின்றன. கணக்கு நம்முடையதாக இருந்தும் பதிவில் இருப்பது அப்பாவின் கைப்பேசி எண் என்றால், பணம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் உறுதிப்படுத்தும் செய்தி அவருக்குத்தான் போகும். அவர் வேலையில் இருந்தால் நாம் காத்திருக்க வேண்டியதுதான். பத்தொன்பது வயதில் ஒரு புத்தகம் வாங்க அப்பாவின் உணவு இடைவேளைக்காகக் காத்திருப்பது பெரியவராகும் வழியல்ல.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சொந்தக் கணக்கு இல்லாத மாணவர், “சம்பளத்தை உன் கணக்கில் போடச் சொல்கிறேன், கார்டைக் கொஞ்சம் கொடு” என்று நண்பரிடம் கேட்கிறார். நண்பரும் கொடுக்கிறார். இது நல்லெண்ணத்தில் நடப்பதுதான். ஆனால் மோசடிக் கும்பல்களும் இதே வார்த்தைகளோடுதான் வருகின்றன. பிறர் பணம் புகுந்து வெளியேற வாடகைக்கு விடப்படும் இத்தகைய கணக்கை மலாயில் ‘அக்காவுன் கெல்டாய்’, அதாவது கழுதைக் கணக்கு என்கிறார்கள். சுமப்பது கழுதை, சம்பாதிப்பது வேறொருவர். மாட்டிக்கொள்வதும் கழுதைதான். இதைத் தடுக்கவே 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. கணக்கையோ ஏ.டி.எம். அட்டையையோ சட்டத்துக்குப் புறம்பாகப் பிறரிடம் ஒப்படைப்பது இப்போது தனிக் குற்றம். சில நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டுக் கணக்கைக் கொடுக்கும் மாணவருக்குக் காத்திருப்பது நீதிமன்றம்.

வங்கிகளின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். பணமோசடியைத் தடுக்கும் 2001ஆம் ஆண்டுச் சட்டம், வாடிக்கையாளர் யார் என்பதை உறுதி செய்துகொள்ளும் கடமையை வங்கிகள் மீது சுமத்துகிறது. பொறுப்பாளரின் பெயரில் உள்ள பணத்தை, ‘நான்தான் அந்தப் பிள்ளை’ என்று வந்து நிற்கும் எவரிடமும் தூக்கிக் கொடுக்க முடியாது. கழுதைக் கணக்குகள் பெருகும் காலத்தில் இளையோரின் கணக்குகளை வங்கிகள் கூர்ந்து பார்ப்பதும் சரிதான். ஆனால், எச்சரிக்கை வேறு, அலைக்கழிப்பு வேறு. ஒருவர் யார் என்று சரிபார்ப்பது எச்சரிக்கை. அதே ஆளை மூன்று முறை 200 கிலோமீட்டர் வரச் சொல்வது அலைக்கழிப்பு. அது எந்த மோசடிக்காரனையும் தடுப்பதில்லை. மாறாக, நேர்மையான மாணவர்களை நண்பரின் கணக்கை நோக்கித் தள்ளிவிடுகிறது.

சரிபார்க்க வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. பிறந்தபோது நமக்குத் தரப்பட்ட 12 இலக்க எண்தான் மைகிட்டிலும் இருந்தது, 12 வயதில் எடுத்த மைகார்டிலும் இருக்கிறது. விரல் ரேகையை வைத்து அட்டையைச் சரிபார்க்கும் கருவி வங்கி முகப்பிலேயே உள்ளது. 2022 ஏப்ரலில் பேங்க் நெகாரா ஐந்து மின்னிலக்க வங்கி உரிமங்களை அறிவித்தது. அத்தகைய வங்கியில் அடையாள அட்டையையும் முகத்தையும் கைப்பேசிக் கேமராவில் காட்டி, வீட்டில் இருந்தபடியே கணக்குத் திறக்க முடிகிறது. முன்பின் தெரியாத ஒருவரை ஒரு வங்கி இவ்வளவு எளிதாக அடையாளம் காண முடியுமானால், பத்து ஆண்டுகளாகத் தன்னிடமே பணம் போட்டுவரும் பிள்ளையை அடையாளம் காண இன்னொரு வங்கி ஏன் இவ்வளவு தடுமாற வேண்டும்?

ஆகவே வங்கிகளிடம் நாம் கேட்பது நான்கே நான்கு. முதலாவது, பிள்ளைக்கு 18 வயது ஆகும் நாள் வங்கியின் பதிவிலேயே இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு முன்பே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒரு கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்புங்கள். இரண்டாவது, தேவையான ஆவணங்களின் முழுப் பட்டியலை, பொறுப்பாளர் இறந்துவிட்ட அல்லது வர முடியாத நிலைமைகளையும் சேர்த்து, ஒரே தாளில் வெளியிடுங்கள். மூன்றாவது, கணக்குத் திறந்த கிளை என்ற கட்டுப்பாட்டை நீக்கி, எந்தக் கிளையிலும் மாற்றிக்கொள்ள விடுங்கள். பொறுப்பாளர் ஒரு கிளையிலும் பிள்ளை வேறு கிளையிலும் கையெழுத்துப் போடலாமே. நான்காவது, புதிய மாணவர்கள் பதிவு செய்யும் வாரத்தில் பல்கலைக்கழக வளாகங்களில் இதற்கென ஒரு முகப்பு போடுங்கள். பற்று அட்டை விற்க அங்கே வர முடியும் என்றால் இதற்கும் வர முடியும்.

வங்கிகள் மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. எஸ்.பி.எம். தேர்வு முடிந்து கிடைக்கும் விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். உங்கள் கணக்கு எந்த வகை, எந்தக் கிளையில் திறந்தது என்று வீட்டில் கேளுங்கள். ஊரை விட்டுப் புறப்படும் முன், பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே, கிளைக்குப் போய் என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 18 வயது ஆனதும் மைகார்டைப் புதுப்பியுங்கள். 12 வயதுப் படத்தோடு வங்கிக்குப் போனால் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படத்தான் செய்வார்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் உங்கள் பெயரும் தந்தை பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் உள்ளனவா என்று பாருங்கள். நம் பெயர்களில் ஓர் எழுத்துக் கூடுவதும் குறைவதும் புதிதல்ல.

பழைய கணக்கை மாற்றும்வரை புதிய கணக்குத் திறக்கக் காத்திருக்கவும் வேண்டாம். 18 வயது நிறைந்த நீங்கள் தனியாகவே போகலாம். வங்கிகள் வழங்கும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் திறக்க 20 வெள்ளி போதும். கல்விக் கடனும் சம்பளமும் அதில் வந்து சேரட்டும். பழைய பணத்தைப் பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மறந்துவிடாதீர்கள். நெடுங்காலம் தொடப்படாத பணம், உரிமை கோரப்படாத பணமாக அரசாங்கப் பதிவாளரிடம் போய்விடும். அதைத் திரும்பப் பெறுவது இன்னொரு அலைச்சல்.

காரணமில்லாமல் இழுத்தடிக்கப்பட்டால், முதலில் அந்த வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணை அழைக்கலாம். கணக்கில் மோசடி நடந்ததாகத் தெரிந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 997. இவற்றைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கையில் பணம் போனால் கரைந்துவிடும் என்ற பயம் உங்களுக்கு இருப்பது எங்களுக்குப் புரிகிறது. எங்கள் பெயரைச் சொல்லிச் சேர்த்த ஒவ்வொரு வெள்ளியும் உங்கள் உழைப்பு என்பதும் தெரியும். ஆனால் பணத்தைக் கையாளக் கற்றுக்கொள்ள, பணம் கையில் இருக்க வேண்டும். கணக்கை எங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். மாதம் ஒரு முறை வரவு செலவைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். சில நூறு வெள்ளியில் கற்றுக்கொள்ளாத பாடத்தைப் பிறகு கடன் அட்டையிலும் கார் கடனிலும் கற்றால் விலை அதிகம்.

அடுத்த ஆண்டு 18 வயதை எட்டப்போகும் ஐந்தாம் படிவ மாணவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். தேர்தல் ஆணையம் அவர்களைத் தேடிப் பிடித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அவர்களுடைய பெயரும் பிறந்த தேதியும் வங்கிகளிடமும் இருக்கின்றன. ஒரு கடிதம் அனுப்பினால் போதும், நாங்களே வந்துவிடுவோம்.