கழுத்துக்கு மட்டும் ஆர்ட்டிகிள்ஷிப் வேண்டாமா?

நான் படிக்கிறது பி.காம். அதனால கணக்குல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்ல ஆடிட்டர்னு கையெழுத்துப் போட, சி.ஏ. பரீட்சை பாஸானா மட்டும் பத்தாது. ஒரு ஆடிட்டர்கிட்ட ஆர்ட்டிகிள்ஷிப் பார்க்கணும். 3 வருஷமா இருந்ததை 2023-ல 2 வருஷமாக் குறைச்சாங்க. வவுச்சரை டிக் பண்ணி, திட்டு வாங்கி, தொழிலைக் கத்துக்கணும். தப்பு நடந்தா அடுத்தவன் காசு போயிருமே!

காசுக்கு இவ்வளவு கெடுபிடி. கழுத்துக்கு?

செல்போனைத் திறந்தா ஒருத்தர் கழுத்தை இன்னொருத்தர் திருப்புறார். 'டக்'குனு சத்தம். படுத்திருக்கிறவர் சிரிக்கிறார். பேரு கைரோபிராக்டிக். உண்மையில அந்தச் சத்தம், மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல வாயுக் குமிழி உண்டாகிறதால வர்றது. விலகின எலும்பு 'இடத்துல உட்கார்ந்த' சத்தம் இல்லீங்க.

இது 1895-ல அமெரிக்காவுல டேவன்போர்ட் ஊர்ல டி.டி. பாமர் தொடங்கின வைத்தியம். அதோட கொள்கையைப் பத்தி ஆயிரம் சண்டை உண்டு, அதை விடுங்க. பயிற்சியைப் பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2005-ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி முழுப் படிப்புக்கு 4200 மணி நேரம். அதுல 1000 மணி நேரமாவது, மேற்பார்வையாளர் பக்கத்துல இருக்க, நிஜ நோயாளிகளைப் பார்த்திருக்கணும். கடைசி வருஷம் பெரும்பாலும் இதுக்கே போயிரும்.

நம்ம நாட்டுல? கைரோபிராக்டிக்குக்குன்னு தனி கவுன்சில் கிடையாது. 2021-ல வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துல பிசியோதெரபி இருக்கு, இது இல்லை. அப்போ போர்டு மாட்டினவர்கிட்ட, "எங்கே பயிற்சி எடுத்தீங்க?"ன்னு கேட்கிறது யாரு? யாருமே இல்லை!

"கழுத்தைத் திருப்ப எதுக்கு ஒரு வருஷம்? ஒரு வாரத்துல கத்துக்கலாமே"ன்னு சிலர் சொல்றாங்க. திருப்ப ஒரு வாரம் போதும்தான். எப்போ திருப்பக் கூடாதுன்னு கத்துக்கத்தான் ஒரு வருஷம். முதுகு வலின்னு வர்ற பத்துப் பேரும் ஒண்ணு போலவேதான் சொல்லுவாங்க. அதுல ஒருத்தருக்கு முதுகெலும்புல காசநோய் இருக்கலாம். இன்னொருத்தருக்கு வேற எங்கேயோ இருந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம். மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு எலும்பு மெலிஞ்சிருக்கலாம். அழுத்தினா உடைஞ்சிரும். கழுத்தை வெடுக்குனு திருப்பினா மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழியலாம். அபூர்வம்தான், ஆனா நடக்குது. 2016-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு மாடல் அப்படித்தான் இறந்தாங்கன்னு அங்கத்த மரண விசாரணை அதிகாரியே சொன்னார். அவங்களுக்குச் செஞ்சது கைரோபிராக்டர். அப்போ வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டவர் கையில?

எங்க கோவில்பட்டிப் பக்கம் வந்து பாருங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல நாள் முழுக்கக் குனிஞ்சு உட்கார்ந்த அக்காமார், கரிசக்காட்டுல களையெடுத்த அத்தைமார், லாரியில மூட்டை ஏத்தின அண்ணன்மார். முதுகு வலி இல்லாத வீடு எது? சலூன்ல தலைக்கு மசாஜ் பண்ணிட்டு, கேட்காமலே கழுத்தையும் ஒரு சொடக்கு எடுத்து விடுறாங்க.

"அப்போ சுளுக்கு எடுக்கிற தாத்தா, வர்ம ஆசான் எல்லாம் போலியா?"ன்னு கேட்பீங்க. வர்ம ஆசான்கிட்ட சீடன் வருஷக்கணக்கா இருந்துதான் கத்துக்குவான். அதுக்குப் பேருதான் பயிற்சிக்காலம்! 1964-ல தொடங்கின பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில படிக்கிறவங்களும் நாலரை வருஷம் பாடம் முடிச்சு, ஒரு வருஷம் பயிற்சி மருத்துவரா இருந்த பிறகுதான் பதிவு பண்ண முடியும். பரம்பரை வைத்தியமும் காலேஜ் வைத்தியமும் ஒத்துக்கிட்ட விஷயம் இது. குறுக்கு வழியில வந்தவங்களுக்குத்தான் கசக்குது.

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒண்ணுதான். எந்த முறையா இருந்தாலும் சரி, மேற்பார்வையில பயிற்சி முடிக்காதவர் முதுகெலும்பைத் திருப்பக் கூடாதுன்னு சட்டம் போடணும்.

அது வர்ற வரைக்கும் நாம கேட்கணும். "அண்ணாச்சி, எந்த ஆஸ்பத்திரியில, யார்கிட்ட, எத்தனை மாசம் பயிற்சி எடுத்தீங்க? எப்பவாவது யாரையாவது 'உங்களுக்கு இது வேண்டாம், போய் எக்ஸ்ரே எடுங்க'ன்னு திருப்பி அனுப்பியிருக்கீங்களா?"

பதில் வரலைன்னா செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிருங்க. வலி நாளைக்கும் இருக்கும், பார்த்துக்கலாம். கழுத்து ஒண்ணுதான் இருக்கு.