விறகு சுமந்த பெண்கள் கட்டிய இயக்கம்

சம்பளப் பேச்சுவார்த்தை வரும் காலமெல்லாம் தோட்டக் கம்பனிகளின் வாயில் தவறாமல் வரும் பெயர் கென்யா. அங்கே ஒரு தொழிலாளி இத்தனை கிலோ பறிக்கிறாரே, இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்பார்கள். அதற்கான பதிலைப் பேச்சுவார்த்தை மேசையிலேயே சொல்வோம். இந்த இதழில் கம்பனிகள் ஒருபோதும் எடுத்துக்காட்டாத இன்னொரு கென்யாவைப் பற்றி எமது அங்கத்தவர்களோடு, குறிப்பாகப் பெண் அங்கத்தவர்களோடு பேச விரும்புகிறோம்.

வங்காரி மாத்தாய் 1940இல் கென்யாவின் நியேரி மாவட்டத்தில் இஹிதே என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் நகுரு பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பண்ணையில் வேலை செய்தார். குடும்பமும் அந்தப் பண்ணையிலேதான் குடியிருந்தது. அங்கே வேலையாட்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் தாயார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்தக் கிராமத்துக்குத் திரும்பினார். வங்காரி பள்ளிக்கூடத்தில் கால் வைத்தது எட்டு வயதில். எமது பாட்டன்மார், பூட்டன்மார் காலத்துக் கதையைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதே பிள்ளை 1960இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், 1971இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றது. கிழக்கு, மத்திய ஆபிரிக்காவில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவருடைய கிராமத்தில் ஒரு பெரிய அத்தி மரம் இருந்தது. அதன் பக்கத்தில் ஊற்றெடுத்து ஓடிய ஓடையில்தான் சிறுவயதில் விளையாடினார். அந்த மரத்திலிருந்து ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது, அது கடவுளின் மரம் என்று தாயார் சொல்லி வைத்திருந்தார். முனியாண்டி இருக்கிற மரத்தில் எமது ஆட்கள் கத்தி வைக்க மாட்டார்கள் அல்லவா, அதே மாதிரி. படித்து முடித்து அவர் திரும்பி வந்தபோது அந்த மரம் இல்லை. புதிதாக நிலத்துக்குச் சொந்தக்காரராக வந்தவர், இடத்தை அடைக்கிறதென்று வெட்டிவிட்டுத் தேயிலை வைத்திருந்தார். ஓடையும் வற்றிப் போயிருந்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எமது மலைகளும் ஒருகாலத்தில் காடுதான். கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் அந்தக் காட்டை வெட்டி எரித்தது எமது முன்னோரின் கைகள். லாபம் எங்கே போனதென்று எல்லாருக்கும் தெரியும். மண் சரிவும் தண்ணீர்ப் பஞ்சமும் மட்டும் லயத்தில் எம்மோடு தங்கிவிட்டன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியது. அது ஆபத்தான இடம் என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது.

வங்காரி மாத்தாயின் வேலை மரத்திலிருந்து தொடங்கவில்லை என்பதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அது பெண்களின் முறைப்பாட்டிலிருந்து தொடங்கியது. 1970களின் நடுப்பகுதியில் கென்யத் தேசிய மாதர் பேரவையில் அவர் சேர்ந்திருந்தார். கிராமத்துப் பெண்கள் அங்கே வந்து விறகுக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, கையில் காசு இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை என்று சொன்னார்கள். உணவு விளைந்த நிலத்தில் கோப்பியும் தேயிலையும் ஏறியிருந்தன. விறகு குறைந்ததால், அதிக நேரம் அடுப்பெரிக்கத் தேவையில்லாத பாணும் மாவும்தான் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போயின. காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் தாய்மாருக்கு இந்தத் தொடர்பு நன்றாக விளங்கும். வகுப்பில் பத்து மணிக்கே சோர்ந்து தலை சாய்க்கும் பிள்ளைகளைப் பார்க்கிற எமக்கும் விளங்கும்.

அதற்கு அவர் சொன்ன வழிதான் மரம் நடுவது. 1977 ஜூன் 5ஆம் திகதி நைரோபியில் ஏழு மரக்கன்றுகள் நடப்பட்டன. பசுமைப் பட்டி இயக்கத்தின் ஆரம்பம் அதுதான். ஆரம்பத்தில் பெண்களுக்கு நாற்று வளர்க்கப் பழக்க வனத்துறை அதிகாரிகளை அழைத்தார்கள். அவர்கள் பேசிய தொழில்நுட்பம் யாருக்கும் விளங்கவில்லை. மரம் நடப் பட்டம் வேண்டுமா என்று கேட்ட வங்காரி, நீங்கள் பயிர் செய்து பழகிய அறிவு போதும், அதைப் பாவியுங்கள் என்றார். பெண்கள் காட்டிலே விதை பொறுக்கினார்கள். உடைந்த சட்டியிலும் தகரத்திலும் முளைக்க வைத்தார்கள். கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். பட்டம் பெறாத வன அதிகாரிகள் என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது.

நட்ட கன்றுக்குக் காசு கொடுக்கப்படவில்லை. பிழைத்த கன்றுக்குத்தான் கொடுக்கப்பட்டது. தொகை மிகச் சிறியது. ஆனாலும் அது அந்தப் பெண்ணின் கையில் நேரே விழுந்த காசு. வருடாவருடம் சுற்றாடல் தினத்தன்று வெள்ளைச் சட்டையோடு வந்து, கன்று நட்டு, படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களை நாம் பார்க்கிறோம். அடுத்த கிழமை அந்தக் கன்று ஆட்டின் வயிற்றில் இருக்கும். பிழைத்தால்தான் கூலி என்ற ஒரு சட்டத்தை எமது நாட்டிலும் கொண்டுவந்தால் எத்தனை பேர் மண்வெட்டியோடு வருவார்கள் என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

இன்றுவரை 5 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை நட்டிருப்பதாக அவ்வியக்கம் கணக்குச் சொல்கிறது. அந்த மரங்களைவிட, அவற்றை நட்ட பெண்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் எமக்குப் பெரிதாகத் தெரிகிறது. குழுக்களில் கூடிய பெண்கள் தங்கள் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். பிழையான பஸ்ஸில் ஏறியவரைப் பற்றி வங்காரி அவர்களிடம் பேசுவாராம். எமது பாஷையில் சொன்னால், நுவரெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் போக வேண்டியவர் வெலிமடை பஸ்ஸில் ஏறிவிட்டார். ஏன் ஏறினார்? யாராவது பிழையாகக் காட்டினார்களா? பெயர்ப் பலகையை வாசிக்கத் தெரியாதா? இறங்கப் பயமா?

கேள்வி கேட்கத் தொடங்கியதும் அரசாங்கத்துக்குக் கோபம் வந்தது. 1989இல் நைரோபி நகரத்தின் நடுவிலுள்ள ஊஹூரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் கட்ட ஆளும் கட்சி திட்டம் போட்டது. பொதுமக்கள் காற்று வாங்கும் இடத்தைக் கொடுக்க முடியாது என்று வங்காரி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பாராளுமன்றத்தில் அவரையும் அவருடைய இயக்கத்தையும் விவாகரத்தான பெண்களின் கூட்டம் என்று ஏசினார்கள். இயக்கத்தை அரசாங்கக் கட்டடத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவர் தமது வீட்டிலேயே காரியாலயத்தை வைத்துக்கொண்டார். கடைசியில் காசு போட இருந்தவர்கள் பின்வாங்கினார்கள், கட்டடம் எழும்பவில்லை. 1992இல் அரசியல் கைதிகளின் தாய்மார் அதே பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தபோது அவரும் கூட இருந்தார். பொலிஸ் அடித்ததில் மயங்கி விழுந்தார். 1999 ஜனவரியில் கரூரா காட்டைத் தனியாருக்குப் பங்கு போடுவதைத் தடுக்க மரம் நடப் போனபோது குண்டர்களால் தலை உடைந்தது. பொலிஸ் முறைப்பாட்டில் தமது இரத்தத்தாலேயே கையெழுத்துப் போட்டார். அந்தக் காடு இன்றும் நிற்கிறது. 2002இல் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2011இல் இறந்தபோது, தம்மை மரப்பெட்டியில் வைக்கக் கூடாது என்ற அவருடைய விருப்பப்படி கோரைப் புல்லாலும் ஆகாயத்தாமரைத் தண்டாலும் மூங்கிலாலும் பெட்டி செய்தார்கள்.

இதெல்லாம் கென்யாவில் சரி, எங்களுக்கு நட இடம் எங்கே என்று அங்கத்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பெண்களுக்குக் குடும்பத்துக் காணி ஒரு துண்டாவது இருந்தது. எமக்கு லயத்து வாசல்தான் இருக்கிறது. அங்கே ஒரு பலா மரம் வைப்பதானாலும் துரையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே எமது மலையில் சுற்றாடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் காணியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இச்சங்கத்தின் நிலைப்பாடு. 7 பேர்ச் காணியோ அதற்கு மேலோ, எது கிடைத்தாலும் உறுதியில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. விடியற்காலையில் எழும்பி, சமைத்து, பிள்ளையை மடுவத்தில் விட்டு, மாலை வரை கூடை சுமந்து, திரும்பி வந்து விறகும் தண்ணீரும் எடுக்கிற பெண்ணிடம், இனிச் சூழலையும் நீயே காப்பாற்று என்று சொல்வது இன்னுமொரு சுமையை ஏற்றுவதாகும். தோட்டங்களுக்கு வருகிற சில அமைப்புகள் அதைத்தான் செய்கின்றன. குழு அமைத்து, கொப்பியும் பைலும் கொடுத்து, திட்டம் முடிந்ததும் போய்விடுகின்றன. ஆனால் சில தோட்டங்களில் பெண்கள் தாமாகவே கூடி, சீட்டுக் காசில் தொடங்கி, பீலிக்கரையைத் துப்புரவாக்கி, சிறுவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தி, சாராயக் கடைக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்த்து வருவதையும் நாம் அறிவோம். அப்படிப்பட்ட குழுக்களைக் கண்டால் எமது தலைவர்மாரில் சிலருக்கு முகம் சுருங்குகிறது. சங்கத்தை உடைக்கப் பார்க்கிறார்கள் என்கிறார்கள். அது தவறான பயம். 1930களில் கோ. நடேசய்யரோடு மீனாட்சியம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியும் பேசியும் ஆள் சேர்த்திருக்காவிட்டால் தோட்டத்தில் சங்கம் என்ற பேச்சே எவ்வளவு தாமதமாகியிருக்கும்?

சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். வேலைநிறுத்தம் என்றால் வீதிக்கு முதலில் வருகிறவர்களும் அவர்கள். ஆனால் தோட்டக் கமிட்டியில் அவர்களுக்கென்று ஒதுக்கியிருப்பது மாதர் தலைவி என்ற ஒரே நாற்காலி. கமிட்டிக் கூட்டம் ஞாயிறு மாலையில், பெண்கள் அடுப்படியில் நிற்கும் நேரத்தில் வைக்கப்படுகிறது. பிறகு, கூப்பிட்டோம், வரவில்லை என்று குறிப்பில் எழுதப்படுகிறது. வரும் கமிட்டித் தெரிவில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்றில் ஒன்றிலாவது பெண் ஒருவர் இருக்க வேண்டுமென்று நாம் கேட்கிறோம். கூட்ட நேரத்தைப் பெண்களே தீர்மானிக்கட்டும். அந்த நேரத்தில் அடுப்பையும் பிள்ளையையும் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொண்டால் கூரை இடிந்து விழாது.

அத்துடன் ஒரு வேலையும் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் எத்தனை பீலிகள், ஊற்றுகள் இருந்தன, அவற்றில் எது வற்றிப் போனது, எந்த வருடத்திலிருந்து, மேலே எந்த நம்பர் மலையில் மரம் வெட்டினார்கள், எந்த லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, மாத முடிவுக்குள் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அதை ஒன்றுசேர்த்து மாவட்டச் செயலாளரிடமும் கம்பனியிடமும் கொடுக்கப் போகிறோம். தலைவர் தனியாக உட்கார்ந்து எழுதி அனுப்பினால் ஏற்றுக்கொள்ள மாட்டோம். தினமும் குடத்தோடு அந்தப் பீலிக்குப் போகிறவர்கள் சொல்ல, அவர்களில் ஒருவரே எழுதி, கையெழுத்தும் போட்டிருக்க வேண்டும். எழுதத் தயங்குகிறவர்களுக்குப் பெரிய வகுப்புப் படிக்கும் மகள் இருப்பாள், அவளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.