வாகன் ஆரா, ஸ்விஃப்டா?



புதிய கார் வாங்க வருமானம் இடங்கொடாத குடும்பங்கள் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய காரை நாடுவது பெருநகரங்களில் வழக்கம். மும்பையிலும் புனேயிலும் அப்படித் தேடுவோர் பலமுறை ஒப்பிட்டுப் பார்ப்பவை இரண்டு. ஒன்று, 2010 முதல் 2018 வரை விற்கப்பட்ட மாருதி வாகன் ஆர். மற்றது, 2011 முதல் 2017 வரை விற்கப்பட்ட மாருதி ஸ்விஃப்ட். விலையையும் மைலேஜையும் கருத்தாய் விசாரிக்கும் நாம், மலைப்பாதையில் இக்கார் எப்படி ஓடும் என்று கேட்பதில்லை. ஐந்து பேரை ஏற்றிச் செல்லும் வாகனத்தைக் குறித்து முதலாவது கேட்க வேண்டியது அதுவே.

வாகன் ஆரின் 998 சி.சி. பெட்ரோல் எஞ்சின் மூன்று சிலிண்டர்கள் கொண்டது. 68 குதிரைத்திறன் தருவது. ஸ்விஃப்டின் 1197 சி.சி. எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. திறன் ஏறத்தாழ 85. நகர நெரிசலில் இவ்வேறுபாடு பெரிதாகத் தெரியாது. எடை குறைந்த வாகன் ஆர் அங்கே சுறுசுறுப்பாகவே நகரும். ஆனால் ஐவரும் பெட்டிகளுமாகக் கண்டாலா ஏற்றத்தில் ஏறும்போது, சுமை முந்நூறு கிலோவைத் தாண்டிவிடும். அப்போது வாகன் ஆரில் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டிவரும். லாரியை முந்தவும் அதிகத் தூரம் தேவைப்படும். சி.என்.ஜி. வகையானால் எரிபொருட் செலவு குறையும். ஆயினும் திறனும் குறையும், பெட்டி வைக்கும் இடத்தையும் சிலிண்டர் அடைத்துக்கொள்ளும்.

வளைவுகளில் வேறுபாடு இன்னும் தெளிவாகும். வாகன் ஆர் ஏறத்தாழ 1.7 மீட்டர் உயரமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உடையது. ஸ்விஃப்டின் உயரம் 1.53 மீட்டர், அகலமோ ஏறத்தாழ 1.7 மீட்டர். உயரம் மிகுந்து அகலம் குறைந்த வண்டி திருப்பத்தில் அதிகமாய்ச் சாயும். ஸ்விஃப்ட் சாலையை உறுதியாகப் பற்றிச் செல்லும். பள்ளங்களில் மட்டும் சற்றுக் கடினமாக உணரப்படும். மறுபுறம், முழங்கால் வலியுள்ள முதியோர் குனியாமல் ஏறி அமர வாகன் ஆரே வசதியானது. குறுகிய சந்துகளுக்கும் அதுவே ஏற்றது.

இவையெல்லாம் வண்டி புதிதாயிருந்த நாளின் குணங்கள். பல ஆண்டுகள் ஓடியபின், தேய்ந்த டயரும் தளர்ந்த ஷாக் அப்சார்பரும் ஸ்விஃப்டின் மேன்மையை அழித்துவிடும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. காரின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாய் அழுத்தி விடுங்கள். பலமுறை ஆடினால் ஷாக் அப்சார்பர் பழுதடைந்துள்ளது. வெறிச்சோடிய சாலையில் பிரேக்கை மிதித்து, வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். இவ்விரு கார்களின் கீழ்நிலை வகைகளில் ஏ.பி.எஸ். கிடையாது, அது இருப்பதைக் கேட்டு உறுதிசெய்வது நல்லது.

மலைவழியே அடிக்கடி பயணம் செய்வோருக்கு ஸ்விஃப்ட் தகுந்தது. நகருக்குள் மட்டும் ஓட்டுவோருக்கும் முதியோர் உள்ள வீட்டாருக்கும் வாகன் ஆர் போதும். எதுவாயினும், பணம் கொடுக்குமுன் குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள். தனியே ஓட்டிப் பார்க்கையில் மறைந்திருக்கும் குறைகள் அப்போது வெளிப்படும்.